புரோட்டோன் வீரா காரின் பின்புற டிரெய்லிங் ஆர்ம் புஷ்: புதிதாகப் போட்டதே கிழிந்துவிட்டது, சாலைதான் காரணமா?

பெர்ஜுந்தை இரவுப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த 1996 புரோட்டோன் வீரா 1.5 ஓட்டுகிறேன். இருப்பது பத்தாங் பெர்ஜுந்தை, இப்போதைய பெஸ்தாரி ஜெயா. ஊருக்கு வெளியே செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை. மணல் லாரிகள் உழுதுபோட்ட பெரிய சாலையைத் தாண்டினால், ஆலை வாசல்வரை தோட்டத்துச் செம்மண் பாதைதான். மழைக்காலத்தில் பழக்குலை லாரியின் சக்கரத் தடத்தில் இறங்கினால் வண்டியின் வயிறு தரையைத் தொடும்.

தொல்லை என்னவென்றால், சிறிய மேட்டில் ஏறி இறங்கினாலும் இடது பின்பக்கத்தில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். லாத்தார் நெடுஞ்சாலையில் பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்தால் வண்டியின் பின்பாதி தன் இஷ்டத்துக்கு ஒதுங்குகிறது. ஸ்டீயரிங்கை நான் அசைக்கவே இல்லை, ஆனால் பின்னால் வேறு யாரோ ஓட்டுவது போன்ற உணர்வு. பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து வருகிறது. சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மெண்ட் செய்தேன், அவர்கள் கொடுத்த தாளில் எல்லாக் கட்டமும் பச்சை. டயர் மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது.

போன வருடத்துக்கு முந்திய தீபாவளிச் சமயத்தில்தான் ஒரு பட்டறையில் டிரெய்லிங் ஆர்ம் புஷ் இரண்டையும் (பின்சக்கரத்தை வண்டியின் உடம்போடு முன்பின்னாகப் பிணைக்கும் ஆர்மின் முன்முனையில் உள்ள ரப்பர்) மாற்றினேன். நேற்று டார்ச் அடித்துப் பார்த்தால், இடது பக்கத்தில் ரப்பர் நடுக்குழாயை விட்டு அரைவட்டமாகப் பிரிந்து கிடக்கிறது. வலது பக்கத்தில் அதே இடத்தில் விரிசல் தொடங்கியிருக்கிறது. மாற்றிக் கொடுத்தவரிடம் கேட்டதற்கு, ‘தோட்டத்துச் சாலையில் ஓட்டினால் எந்த ரப்பர் தாங்கும்?’ என்கிறார்.

அவர் சொல்வது சரியா? மஞ்சள், சிவப்பு நிறங்களில் விற்கும் பாலியூரித்தேன் புஷ் போட்டால் தாங்குமா? அல்லது பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் ஆர்மையே முழுதாக வாங்கிவிடலாமா? வீட்டு முன்றிலில் நானே செய்ய முடிந்தால் நல்லது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்.


லாத்தார் சத்ரியா எழுதியது:

என்னுடைய புரோட்டோன் சத்ரியாவுக்கும் உங்கள் வண்டிக்கும் அடிப்பாகம் ஒன்றுதான். நான் எல்லாவற்றையும் பாலியூரித்தேனாக மாற்றிவிட்டேன். வளைவில் வண்டி தரையைக் கவ்விப் பிடிக்கிறது. காலையில் கொஞ்சம் கீச் கீச் என்று சத்தம் வரும், பழகிவிடும். ஒருமுறை போட்டால் போதும், யோசிக்காதீர்கள்.


பழைய தோட்டத்து ஃபிட்டர் எழுதியது:

சாலைமீது பழிபோடுவதில் ஒரு வசதி உண்டு. அது எழுந்து வந்து எதிர்வாதம் செய்யாது.

தம்பி, 1996-இல் உன் அப்பா இந்த வண்டியை எடுத்தபோது உள்ளே இருந்த புஷ் எத்தனை வருடம் ஓடியது என்று வீட்டில் கேட்டுப் பார். குறைந்தது பத்து வருடம் என்று சொல்வார்கள் என்பது என் கணக்கு. அப்போதும் இதே செம்மண் பாதை, இதே லாரித் தடம், இதே மழை. அன்றைக்குப் பத்து வருடம் தாங்கிய ரப்பருக்கு இன்றைக்கு இரண்டு வருடம்கூட ஆயுள் இல்லை என்றால், மாறியது சாலை அல்ல. மாட்டிய விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஓய்வு பெறும்வரை நான் தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டர். டிராக்டர், டிரெய்லர், ரப்பர் பால் ஏற்றும் லாரி, துரையின் லேண்ட் ரோவர் எல்லாம் என் கையில்தான் கழன்று மாட்டப்பட்டன. இந்தப் புஷ் விஷயத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

புஷ்ஷின் உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் கூடு, நடுவில் ரப்பர். கந்தகம் சேர்த்து வேகவைக்கும்போதே அந்த ரப்பர் இரண்டு இரும்போடும் ஒட்டிக்கொள்கிறது. இதில் எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் வண்டியின் உடம்போடு பிடிபட்டு நின்றுவிடும். வெளிக்கூடு ஆர்மோடு சேர்ந்து திரும்பும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஆகவே, போல்ட்டை இறுக்கும் நேரத்தில் ஆர்ம் எந்த நிலையில் இருக்கிறதோ, அதுவே ரப்பரின் ஓய்வு நிலை ஆகிவிடும்.

இப்போது பட்டறையில் நடப்பதை நினைத்துப் பார். வண்டியை லிஃப்டில் தூக்குகிறார்கள். சக்கரம் எட்டு, பத்து சென்டிமீட்டர் கீழே தொங்குகிறது. அரை மீட்டர் நீள ஆர்முக்கு அது ஏறத்தாழப் பத்துப் பாகைத் திருப்பம். தொங்கும் நிலையிலேயே காற்றுத் துப்பாக்கியால் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரைக்கு இறங்கியதும் ரப்பர் பத்துப் பாகை முறுக்கிக் கிடக்கிறது, பிழிந்த துணியை உதறாமலே கொடியில் போட்டதுபோல. நீ இரவெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது, வாசலில் சும்மா நிற்கும் வண்டியிலும் அந்த முறுக்கு இருந்துகொண்டே இருக்கும். பள்ளத்தில் விழுந்து சக்கரம் மேலே ஏறும்போது அதே திசையில் இன்னும் கொஞ்சம் முறுக்கு. எப்போதும் ஒரே பக்கம் இழுபடுவதால் அந்தப் பக்கத்து ஒட்டு முதலில் விட்டுக்கொடுக்கும். அரைவட்டமாகப் பிரிந்திருக்கிறது, மறுபக்கமும் அதே இடத்தில் தொடங்குகிறது என்று நீ எழுதியதைப் படித்ததுமே என் சந்தேகம் இதில்தான் விழுந்தது.

வண்டியின் எடை சக்கரத்தின்மேல் இருக்கும்போதுதான் இந்தப் போல்ட்டுக்குக் கடைசி இறுக்கு. டிரெய்லிங் ஆர்முக்கு மட்டுமல்ல, ரப்பர் புஷ் உள்ள எல்லா ஆர்முக்கும் இதே சட்டம்.

இன்னொரு கேள்வி. கார் கழுவும் இடத்தில் அடிப்பாகத்துக்கு டீசல் தெளிக்கச் சொல்வாயா? துரு பிடிக்காது என்று நம் பக்கத்தில் பலர் செய்கிறார்கள். டீசலும் கழிவு எண்ணெயும் இயற்கை ரப்பருக்கு விஷம். உள்ளே ஊறி, ரப்பர் உப்பி, மெத்தென்று ஆகி, வலுவை இழந்துவிடும்.

அடுத்தது பாலியூரித்தேன். சத்ரியாக்காரத் தம்பி கோபிக்க வேண்டாம். பந்தயத்துக்கு ஓட்டும் வண்டிக்கு அது சரி. அதில் ஒட்டு கிடையாது. குழாய்க்கும் புஷ்ஷுக்கும் நடுவே வழுக்கித்தான் ஆக வேண்டும். அதற்கு சிலிக்கோன் கிரீஸ் வேண்டும், அந்தக் கிரீஸில் செம்மண் போய் உட்கார்ந்தால் அரைக்க ஆரம்பிக்கும். காலையில் கேட்கும் கீச் கீச் அதுதான். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. வீராவின் பின்பக்கம் பல இணைப்புகள் சேர்ந்த அமைப்பு. சக்கரம் ஏறி இறங்கும்போது குறுக்கே உள்ள ஆர்ம்கள் வில்போல வளைந்த பாதையில் போகும். அவற்றோடு டிரெய்லிங் ஆர்மும் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தாக வேண்டும். அந்தச் சாய்வுக்கு இடம்கொடுப்பது முன்முனையில் உள்ள இந்தப் பெரிய புஷ்ஷின் மென்மை. அங்கே கல்லைப்போல ஒன்றைத் திணித்தால் அமைப்பே இறுகிப்போய், அடி நேராக போல்ட்டுக்கும் தகட்டுக்கும் போகும். தோட்டத்துப் பாதையில் தினமும் போகிறவனுக்கு அது வேண்டாத வேலை.

ரப்பரைக் குறைவாக நினைக்காதே. என் அம்மா ஆர்.ஆர்.ஐ.எம். 600 வகை ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அந்த நிரை இருந்த இடமெல்லாம் இன்று செம்பனை. ஆனால் கார் புஷ்ஷுக்கும் விமான டயருக்கும் இன்னும் பால்மரத்து ரப்பரைத்தான் தேடுகிறார்கள். இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசை கட்டி, படிகம்போல இறுகும். விரிசல் ஒன்று தொடங்கினால், அதன் நுனியில் இழுவை அதிகம் என்பதால் அந்த இடமே இறுகி விரிசலைத் தடுத்து நிறுத்தும். செயற்கை ரப்பர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் குணம் இல்லை.

ஹாஃப்கட் ஆர்ம் உனக்குத் தேவையில்லை. அதில் இருக்கும் புஷ்ஷும் ஓடித் தேய்ந்ததுதான், எந்தப் பள்ளத்தில் விழுந்து ஆர்ம் வளைந்திருக்கிறது என்பதும் தெரியாது. உன் ஆர்ம் வளைந்திருந்தாலோ, புஷ் உட்காரும் துளை சிதைந்திருந்தாலோ மட்டும் அந்தப் பக்கம் போ.

கடைசியாக ஒன்று. ‘தொம்’ சத்தத்தை முழுக்கப் புஷ்ஷின் தலையில் கட்டிவிடாதே. ஷாக் அப்சோர்பரின் மேல்முனை ரப்பர், புகைக்குழாயைத் தாங்கும் ரப்பர் வளையம், பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்) இருக்கும் உதிரி டயர் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பார். பிறகு நெம்புகோலை ஆர்முக்கும் வண்டித் தகட்டுக்கும் நடுவே வைத்து முன்னும் பின்னும் நெம்பு. நல்ல புஷ் கொஞ்சம் அசைந்து எதிர்த்துத் திரும்பும். கிழிந்தது வாயைத் திறந்து காட்டும்.


பெர்ஜுந்தை இரவுப்பணி எழுதியது:

ஐயா, அப்பாவிடம் கேட்டேன். முதல் புஷ்ஷை மாற்றியது தங்கையின் யூபிஎஸ்ஆர் (ஆறாம் ஆண்டுத் தேர்வு) முடிந்த வருடம் என்கிறார். அதாவது 2008. பன்னிரண்டு வருடம் ஓடியிருக்கிறது.

பட்டறையில் நானும் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு தூண் லிஃப்ட், நான்கு சக்கரமும் தொங்கிக்கொண்டிருந்தன. தொங்கியபடியேதான் இறுக்கினார்கள், கீழே இறக்கியபின் யாரும் அடியில் போகவில்லை. டீசல் தெளிப்பு எனக்கு வழக்கமில்லை.

நெம்பிப் பார்த்தேன். இடது பக்கம் விரல் நுழையும் அளவுக்குத் திறக்கிறது. ஷாக் மேல்முனை நன்றாக இருக்கிறது.

மூலப் பாகத்துக்கு நிகரான ரப்பர் புஷ் இரண்டு வாங்கிவிட்டேன். பழையதை எடுக்க, காஸ் விளக்கால் ரப்பரை எரித்துத் தள்ளுவதைக் காணொளியில் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. செய்யலாமா?


பழைய தோட்டத்து ஃபிட்டர் எழுதியது:

செய்யாதே. பின் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் தொட்டி. அதன் பக்கத்திலேயே எண்ணெய்க் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன. காணொளியில் எரிப்பவன் ஆர்மைக் கழற்றி வெட்டவெளியில் வைத்து எரித்திருப்பான். அப்படியே ஆனாலும் அந்தக் கரும்புகை நெஞ்சுக்கு ஆகாது. ரப்பர்க் கூடம் தீப்பிடித்ததை நேரில் பார்த்தவன் சொல்கிறேன், எரியும் ரப்பரை அணைப்பதும் அவ்வளவு எளிதல்ல.

சரி, செய்முறைக்கு வருவோம். ஜாக்கியைத் தொடுவதற்கு முன்னால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்து. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்புவரை அளந்து, இரண்டு பக்கத்து அளவையும் எழுதி வை. இந்த எண் இல்லாமல் தொடங்காதே. முதல்நாள் மாலையே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடு, ஆனால் பிரேக் டிரம் பக்கம் தெறிக்கக்கூடாது.

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. பின்பக்கத்தைத் தூக்கியதும் நல்ல ஜாக் ஸ்டாண்டில் நிறுத்து. துளையுள்ள சிமெண்டுக் கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் பொடிந்துவிடும். உன் முன்றில் சிமெண்டுத் தரையா, மண்ணா? மண் என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடு.

ஆர்மை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. முன்முனையை மட்டும் கீழே இறக்கினால் போதும். அதற்குமுன் பிரேக் ஹோஸும் கைப்பிரேக் கம்பியும் ஆர்மில் பிடிக்கப்பட்டிருக்கும் இடங்களை விடுவித்துவிடு, இல்லாவிட்டால் ஆர்மின் கனம் முழுக்க ஹோஸில் தொங்கும். அடியில் ஜாக்கியைக் கொடுத்தபடி போல்ட்டை உருவு. வருடக்கணக்கில் மழையும் செம்மண்ணும் பட்ட வண்டியில் போல்ட்டும் உள்குழாயும் ஒன்றாகத் துருப்பிடித்து இறுகியிருப்பது சகஜம். நட் கழன்ற பிறகும் போல்ட் வராவிட்டால் சுத்தியலால் மரையை அடித்துக் கெடுக்காதே. நட்டை நுனியில் பாதி ஏற்றி அதன்மேல் அடி. வண்டிக்குப் புதுப் போல்ட்டும் நட்டும் வாங்கி வைத்துக்கொள்.

பழைய புஷ்ஷை வெளியே எடுக்கும் முன் ஒன்று முக்கியம். இந்த வகைப் புஷ்களில் பெரும்பாலும் ரப்பருக்குள் இரண்டு பக்கம் இடைவெளி விட்டிருப்பார்கள். இடைவெளி இருக்கும் திசையில் மெத்தென்றும், இல்லாத திசையில் கெட்டியாகவும் இருப்பதற்காக வேண்டுமென்றே செய்தது. அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஆர்மின்மேல் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டுவிடு. கைபேசியில் படமும் எடு. புதுப் புஷ் திரும்பி உட்கார்ந்துவிட்டால், மெத்தென்று இருக்க வேண்டிய திசையில் கெட்டியாகிப் பழைய சத்தமே திரும்ப வரும். அப்போது மறுபடியும் சாலையைத்தான் திட்டுவார்கள்.

எடுப்பதற்கு நீண்ட மரைக்கம்பி ஒன்று, கெட்டியான வாஷர்கள், இரண்டு துண்டுக் குழாய் போதும். ஒரு குழாயின் உள்விட்டம் புஷ்ஷின் வெளிக்கூட்டைவிடக் கொஞ்சம் பெரிது. புஷ் அதற்குள் வந்து விழும். இன்னொன்றின் வெளிவிட்டம் கூட்டைவிட ஒரு முடி சிறிது, அது தள்ளும். மரைக்கம்பியை நடுவே விட்டு இரண்டு பக்கமும் நட்டைப் போட்டுத் திருகு. மரைக்குக் கிரீஸ் தடவு. அசையவே இல்லை என்றால், ரப்பரைத் துளைபோட்டு எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை இரும்பறுக்கும் ரம்பத்தகட்டால் உள்ளிருந்து அறு. கூடு அறுபட்டதும் நிறுத்திவிடு. ஆர்மின் துளையில் கோடு விழுந்தால் புதுப் புஷ் அங்கே பிடிக்காது.

புதுப் புஷ்ஷை முதல்நாள் இரவே உறைபெட்டியில் வை. வீட்டில் கேட்டுவிட்டு வை. துளையைத் தேய்த்துத் துருவை நீக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, கோட்டைப் பார்த்து நேராக உள்ளே இழு. அங்கே கிரீஸும் வேண்டாம், எஞ்சின் எண்ணெயும் வேண்டாம். தள்ளும் குழாய் வெளிக்கூட்டின் விளிம்பில் மட்டுமே உட்கார வேண்டும். நடுக்குழாயை அழுத்தினால் வண்டியில் ஏறும் முன்னரே ஒட்டு பிரிந்துவிடும்.

இறுக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆர்முக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, முதலில் எழுதிவைத்த அளவு வரும்வரை தூக்கி இறுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அந்த அளவு வரும் நேரத்தில் அந்த மூலையின் எடை முழுக்க ஜாக்கிக்கு வந்திருக்கும். வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும். அந்த நேரத்தில் நீ அடியில் இருக்கக் கூடாது. எங்கள் பட்டறையில் குழி இருந்தது, சக்கரம் தரையில் நிற்க நாங்கள் கீழே நின்று இறுக்குவோம். உனக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் அளவுக்கு அருகில் வந்ததும் நிதானமாக ஓர் இறுக்கு இறுக்கு. கடைசி இறுக்கைச் சக்கரம் நிற்கும் மேடையில் ஏற்றிச் செய்.


ரவாங் டயர்கடை அக்கா எழுதியது:

ஃபிட்டர் ஐயா கேட்கும் மேடை எங்கள் கடையிலேயே இருக்கிறது. அலைன்மெண்ட் லிஃப்ட் என்பது வண்டி ஏறி நிற்கும் லிஃப்ட்தானே. தூக்கினாலும் எடை சக்கரத்தின்மேல்தான் இருக்கும். எந்த ஊர் டயர்கடைக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். அங்கே போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி ஆட்டிவிட்டு, தானாக நின்ற இடத்தில் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள். பிறகு அலைன்மெண்ட். வரிசை மாறக்கூடாது.

உங்கள் தாளில் எல்லாம் பச்சையாக இருந்தும் டயர் தேய்வதற்குக் காரணம் கேட்டிருந்தீர்கள். நான் தினமும் இதற்குப் பதில் சொல்கிறேன். எங்கள் இயந்திரம் அளப்பது நின்றுகொண்டிருக்கும் வண்டியை. கிழிந்த புஷ்ஷும் நின்றுகொண்டிருக்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் பின்னால் இழுபடுகிறது, ஆர்ம் அந்தக் கிழிசலுக்குள் நழுவுகிறது, சக்கரத்தின் பார்வை மாறுகிறது. காலை விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. டயர் தேய்வது அந்த இடைப்பட்ட நேரத்தில். லாரி கடக்கும்போது பின்பாதி ஒதுங்குவதற்கும் இதுதான் காரணம்.

உள்ளங்கையை டயரின்மேல் வைத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தடவிப் பாருங்கள், பிறகு திருப்பித் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாக இருந்து, மறுதிசையில் ரம்பம்போல் சுரண்டினால் டோ அளவு, அதாவது சக்கரம் உள்ளோ வெளியோ பார்த்து நிற்கும் கோணம், கெட்டிருக்கிறது. கம்பி வெளியே தெரிகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத் தடவுங்கள்.

இன்னொன்று. சில கடைகளில் முன் சக்கரங்களை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். வீராவுக்குப் பின் டோவும் திருத்தக்கூடியது. நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டி, பின்பக்கத்தை முதலில் சரிசெய்து, அதற்கேற்ப முன்பக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். பின்சக்கரம் இரண்டும் ஒரு பக்கம் பார்த்தால் நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். குறுக்கு ஆர்மின் போல்ட்டில், டோவைத் திருத்துவதற்கான கோடுபோட்ட வட்டத் தகடு ஒன்றைப் பார்த்தால், அதைத் தளர்த்தும் முன் அதன் இடத்தைக் கீறி வைத்துக்கொள்ளுங்கள். கீறாமல் கழற்றி, நண்டு நடப்பதுபோல வண்டியை ஓட்டி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.


ஈஜோக் மைவி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2006 பெரோடுவா மைவிக்கும் இதே கதைதானா? பின்பக்கத்தில் லேசாக ‘டொக்’ சத்தம்.


பழைய தோட்டத்து ஃபிட்டர் எழுதியது:

மைவியின் பின்பக்கம் வேறு. இரண்டு சக்கரத்தையும் சேர்த்த ஒரே உத்திரம், முன்னால் இரண்டே பெரிய புஷ். ஒன்று போனால் இரண்டையும் மாற்று. உத்திரத்தை ஒருபக்கமாக இறக்கினால் ஹோஸும் கைப்பிரேக் கம்பியும் இழுபடும் என்பதால் இரண்டு ஜாக்கி வேண்டும். திசைக்குறி பார்த்து உட்காரவைப்பதும், எடை சக்கரத்தில் இருக்கும்போது இறுக்குவதும் அதற்கும் உண்டு. ஆனால் மைவியில் ‘டொக்’ என்றால் முதலில் ஷாக்கின் மேல்முனையைப் பார்.


லாத்தார் சத்ரியா எழுதியது:

ஃபிட்டர் ஐயா, எனக்குக் கோபமெல்லாம் இல்லை. ஆனால் என் வண்டியில் பின்பக்கம் பாலியூரித்தேன் போட்டபிறகு ஒருமுறைகூடப் புஷ் கிழியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.


பழைய தோட்டத்து ஃபிட்டர் எழுதியது:

புஷ் கிழியாது தம்பி. அது உட்கார்ந்திருக்கும் தகட்டில் வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று அடுத்தமுறை வண்டியைத் தூக்கும்போது பார்த்துச் சொல். இல்லை என்றால் மகிழ்ச்சிதான்.


பெர்ஜுந்தை இரவுப்பணி எழுதியது:

வேலை முடிந்தது. விவரம் எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

தூக்கும் முன் அளவு: இடது 35.5, வலது 35 சென்டிமீட்டர். தொங்கியபோது இரண்டிலும் ஒன்பது சென்டிமீட்டர் கூடியது. ஐயா எழுத்தில் போட்ட கணக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது அப்படியே இருந்தது.

இடது போல்ட் உள்குழாயோடு ஒட்டியிருந்தது. ஒரு மாலை முழுக்க அதற்கே போனது. நட்டை ஏற்றி அடித்தும் அசையவில்லை. கடைசியில் ஆலைப் பட்டறையில் வேலை செய்யும் நண்பன் நீண்ட கைப்பிடி ஸ்பேனரோடு வந்து முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி உள்குழாயையே ரப்பரிலிருந்து பிய்த்தெடுத்தான். எப்படியும் குப்பைக்குப் போகும் ரப்பர்தானே. வலது பக்கம் சாதுவாக வந்துவிட்டது.

பழைய புஷ்ஷை வெளியே எடுத்து, நான் போட்ட கோட்டோடு ஒப்பிட்டபோது இன்னொன்று தெரிந்தது. வலது பக்கத்தில் இடைவெளிகள் முன்பின்னாக இருந்தன. இடது பக்கத்தில் ஏறக்குறைய மேல்கீழாக. இரண்டு பக்கமும் வெவ்வேறாக மாட்டியிருக்கிறார்கள். எது சரி என்று குழம்பி, பெட்டியிலிருந்த புதுப் புஷ்ஷின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தேன். ஓர் அம்புக்குறி வார்த்திருந்தது, ஆர்மின் துளையோரத்தில் அதற்கு இணையாகச் சின்னப் புடைப்பு ஒன்றும் இருந்தது. துருவுக்கு அடியில் மறைந்திருந்ததால் முதலில் கண்ணில் படவில்லை. அதன்படி பார்த்தால் வலதுதான் சரி.

உறைபெட்டியில் வைத்தது நன்றாக வேலை செய்தது. அம்மா ஐக்கான் பிலிஸ் (நெத்திலி) பொட்டலத்துக்குப் பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சோப்புத் தண்ணீர் தடவி மரைக்கம்பியால் இழுத்ததும் கோணாமல் உள்ளே போய்விட்டது. வீட்டில் அளவைப் பார்த்து இறுக்கிவிட்டு, ரவாங் பக்கம் ஒரு டயர்கடைக்கு மெதுவாக ஓட்டிச் சென்றேன். ஏறி நிற்கும் லிஃப்டில் தளர்த்தி மீண்டும் இறுக்கச் சொன்னபோது அங்கிருந்த பையன் ‘ஏற்கெனவே இறுக்கித்தானே இருக்கிறது’ என்றான். தளர்த்தியதும் இடது ஆர்ம் லேசாக ‘டிக்’ என்று அசைந்து உட்கார்ந்தது. பிறகு அவனே ஆர்வமாகி வலது பக்கத்தையும் செய்தான்.

பின் டோவைத் திருத்தினார்கள், பிறகு முன்பக்கம். லாத்தாரில் ஆசாம் ஜாவாவரை போய்த் திரும்பினேன். லாரி கடந்தால் காற்று தள்ளுகிறது, ஆனால் பின்பாதி தனியாக ஒதுங்குவதில்லை. ‘தொம்’ போய்விட்டது. மெல்லிய ‘கடகட’ ஒன்று மட்டும் செம்மண் பாதையில் மிச்சம் இருக்கிறது.


பழைய தோட்டத்து ஃபிட்டர் எழுதியது:

அம்புக்குறியைத் துடைத்துப் பார்த்தாயே, அங்கேதான் வேலை நிமிர்ந்தது. இடது பக்கம் முதலில் கிழிந்ததற்கும் விடை கிடைத்துவிட்டது: முறுக்கோடு திசையும் தவறு.

‘கடகட’ சத்தத்துக்குப் பூட்டில் ஜாக்கியும் கைப்பிடியும் அதன் பிடிப்பில் இருக்கின்றனவா என்று பார். வேலைக்கு எடுத்தவன் திரும்ப மாட்டாமல் போட்டிருப்பாய்.


பெர்ஜுந்தை இரவுப்பணி எழுதியது:

ஜாக்கிதான் ஐயா. துணி சுற்றி மாட்டிவிட்டேன்.


ரவாங் டயர்கடை அக்கா எழுதியது:

தேய்ந்த பின் டயர்களை முன்னுக்கு மாற்றிவிடாதீர்கள். உள்விளிம்பு ரம்பமாகிவிட்ட டயர் முன்னால் போனால் ஊளையிடும், புதுப் புஷ்மேல் மறுபடியும் சந்தேகம் வரும். பின்னாலேயே ஓடித் தீரட்டும், அதற்குள் கம்பி தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.


பழைய தோட்டத்து ஃபிட்டர் எழுதியது:

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அந்த இரண்டு நட்டையும் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருமுறை டார்க் ஸ்பேனர் வைத்துப் பார். நட்டிலும் தகட்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு வைத்தால் அடுத்தமுறை குனிந்து பார்த்தாலே போதும்.